பிஸ்கட் டின்னில் வந்த விளக்கு

பிள்ளைகளா, போன வாரம் கிள்ளான் டவுனில் ஒரு வெற்று நிலத்தில் கார் நிறுத்தினோமே. நான் இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னப்பா, பேயப் பாத்த மாதிரி இருக்கீங்க?" என்று சிரித்தீர்கள். அங்கே ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. கீழே சீன அங்கிளின் கோப்பிக் கடை. அதை ஒட்டி என் அப்பாவின், அதாவது உங்கள் தாத்தாவின் பாத்திரக் கடை. மேலே தையல் கடைகள். தீபாவளி சமயம் படிக்கட்டில்கூட ஆட்கள் உட்கார்ந்து ரவிக்கைக்குக் காத்திருப்பார்கள். பிறகு சனங்கள் மால் பக்கம் போய்விட்டார்கள். மாடிகள் காலியாகின. சுவரில் வெடிப்பு விட்டது. கட்டடக்காரர் விற்றுவிட்டார், இடிக்கப் போகிறார்கள் என்றார்கள்.

"வேற கடைக்குப் போறோம்," என்றார் அப்பா. நான் நம்பினேன்.

காலி செய்த அன்று எனக்கும் ஒரு வேலை வந்தது. கடைச் சாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த காமாட்சி விளக்கை அணையாமல் கொண்டுபோக வேண்டும். கடை மாற்றும்போது எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார்: "அணைஞ்சா புதுக் கடை வெளங்காதுடா. பாத்து!"

நாலாம் ஆண்டு படிக்கிற பத்து வயதுப் பையனிடம் சொல்கிற பேச்சா அது? விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் காற்றில் சுடர் சாய்ந்து நீலமாகிப் போனது. கோப்பிக் கடை அங்கிள் ஓடி வந்து ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார்.

"தம்பி, காத்து வருது. இதுல வையி லா."

பிறகு அப்பாவிடம் கேட்டார்: "புது கடை எங்க, அண்ணே?"

"பாப்போம் லா, பாஸ்," என்று அப்பா சிரித்தார்.

பாத்திரங்களை ஏற்றிய லோரி முன்னால் போனது. அதை ஓட்டியவரை எனக்குத் தெரியாது. எங்கள் வேனில் கண்ணாடியை ஏற்றி, ஏர்கோன் காற்றையும் அடைத்துவிட்டார் அப்பா. மடியில் துண்டு, அதன்மேல் டின், உள்ளே விளக்கு. ஒவ்வொரு மேட்டிலும் எண்ணெய் தளும்பியது. "மெதுவாப்பா, மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்தேன். அப்பா திட்டவில்லை. முகத்தை மட்டும் அடிக்கடி துடைத்துக்கொண்டார். வெக்கை என்று நினைத்தேன்.

சிக்னலில் லோரி நேராகப் போனது. நாங்கள் வலது பக்கம் திரும்பினோம்.

"அப்பா, லோரி அந்தப் பக்கம் போவுது!"

"போவட்டும்."

வேன் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. அம்மா கேட் அருகே நின்றிருந்தார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். விளக்கை வாங்கிச் சமையலறை மேடையில் வைத்தார்.

"அணையல, பாத்தீங்களா!" என்றேன். யாரும் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த லோரி சரக்கை மொத்தமாக வாங்கியவருடையது என்பதோ, அப்பா எந்தக் கடையும் பார்த்திருக்கவில்லை என்பதோ எனக்கு அப்போது தெரியாது. எனக்கு இருந்த பயம் வேறு. புதுக் கடை திறக்கும்வரை சுடர் தாங்க வேண்டுமே! அப்பாவும் அம்மாவும் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, நான் மட்டும் சமையலறைக்குப் போய், நாற்காலியில் ஏறி, விளக்குக்கு மேலே இருந்த ஜன்னலைச் சாத்தினேன்.