ஓர்கா என்றால் ஏலும்

1. சுவீடன் கிளையிலிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது, கடைசி இரண்டு சொற்கள் மட்டும் சுவீடிஷ்: காலையில் சர்வர் “ஓர்கர் இன்டெ”.
2. எங்கள் குழு அகராதியைப் பார்த்து, ‘இன்டெ’ என்றால் இல்லை என்று கண்டு, “சர்வருக்கு மனமில்லை” என்று பொருள் கொண்டது.
3. ஏதோ ஒரு கட்டளை கோரிக்கைகளை மறுக்கிறதென்று எண்ணி எல்லோரும் தேடினோம். கிடைக்கவில்லை.
4. வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்கும்படி மேலாளர் என்னிடம் ஒப்படைத்தார். என் தகுதிகாண் காலமும் அந்த வாரமே முடிந்தது. வேலை நிலைக்குமா என்பது இதில்தான் தங்கியிருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் டவுன்டவுனில் இருந்த அந்த அலுவலகத்தில் தமிழ் பேச எனக்கு ஒருவர்தான் இருந்தார், சென்னைக்காரர். “சர்வருக்கு மூட் இல்லைன்னா வேற டேபிள்ல போய் உக்கார வேண்டியதுதான்” என்றார்.

மின்னஞ்சல் எழுதிய சுவீடன்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த வினைச்சொல்லின் பொருளைக் கேட்கவில்லை. வீட்டில் அதை எங்கெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில், இன்னொரு துண்டு எடுத்து வைக்குமுன், வயிறு தாங்குமா என்ற பொருளில் “ஓர்கர் டு?” என்பார்களாம். மாடிப்படி ஏறும்போது சொல்வார்களாம். திங்கட்கிழமை எழும்பும்போதும். அந்த வினையின் மூல வடிவமான ஓர்கா, ‘வேலை’ என்பதற்கான பழைய சொல்லுக்கு உறவு. ஐஸ்லாந்தில் ஆற்றலுக்கே அதுதான் பெயர் என்றார்.

எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை முடிந்து கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் சாய்வார். “கடைக்குப் போவமா?” என்றால், “ஏலாது மகள்” என்பார். போக விருப்பமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை.

சர்வருக்கு ஏலாது என்பதுதான் அர்த்தம் என்று சென்னைக்காரரிடம் சொன்னேன். “ஏலாதா? ஏலம் விடறீங்களா? முடியாதுன்னு சொல்லுங்க” என்று சிரித்தார்.

“முடியாது எண்டு சண்டைக்காரனும் சொல்லுவான் அண்ணா. எங்கட வீட்டில ஏலாதெண்டா பெலனில்லை.”

மறுப்பைத் தேடுவதை விட்டுச் சுமையைப் பார்த்தேன். சுவீடன் நேரப்படி காலையில் அந்தப் பக்கத்துக் கிளைகளெல்லாம் ஒன்றாக உள்ளே நுழையும்போது சர்வரின் நினைவகம் நிரம்பிவிடுகிறது. கூடுதல் நினைவகம் போட்டோம். வெள்ளிக்கிழமை காலை சுவீடனிலிருந்து ஒரே சொல்லில் பதில்: “ஓர்கர்.”

சென்னைக்காரர் என் மேசைக்கு வந்தார். “சர்வருக்கு ஏலுதாம்” என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டது மேலாளரின் பாராட்டைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. நினைவகத்தை அளக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அளக்க வேண்டியது அதைத்தான் என்று காட்டியது, மட்டக்களப்பிலிருந்து அம்மாவோடு வந்த சொல்.

வேலை நிரந்தரமானது. சுவீடன் கிளையின் மின்னஞ்சல்கள் இப்போது முதலில் என்னிடம்தான் வருகின்றன. எனக்கு இன்னும் சுவீடிஷ் தெரியாது. ஒரு வினைச்சொல் தெரியும்.