தீவுக்கு ஒரு ரூட் கார்டு

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் எனக்கு வேலை. ஒரு உலோகத் துண்டு உள்ளே வந்ததிலிருந்து பொருளாகி வெளியே போகும்வரை அதற்கு என்னென்ன வேலை, எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று எழுதும் அட்டைக்கு ரூட் கார்டு என்று பெயர். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட மாட்டோம். பத்து, இருபது, முப்பது என்றுதான் போடுவோம். எதையாவது மறந்திருந்தால் நடுவில் பதினைந்து என்று நுழைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடம் அந்த அட்டைகளை எழுதியதில் எனக்குக் கொஞ்சம் திமிரே வந்திருந்தது. நான் போட்ட பிளான் பிசகாது என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிவேன். அந்தத் திமிரோடுதான் கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவுக்குப் பிள்ளைகளோடு போய்வர ஒரு ரூட் கார்டு எழுதினேன்.

இவ்வளவு தூரத்துத் தீவு எதற்கு என்று அப்போதே எல்லோரும் கேட்டார்கள். என் கணவர் ஃபுளோரிடாவில் இருந்தார். கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு சின்ன கன்சல்டன்சி கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. மூன்று மாதத்தில் நாங்களும் போய்ச் சேருவதாக ஏற்பாடு. கம்பெனி கொடுத்த காகிதங்களில் திருப்தி இல்லை என்று எனக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு முறை விசா மறுத்தார்கள். அவருக்கோ வருடக் கடைசியில் ஒரு வாரம்தான் லீவு. ஹைதராபாத் வந்து திரும்பினால் அதில் பாதி விமானத்திலேயே போய்விடும். அதற்குப் பயந்து முதல் வருடம் வரவில்லை. இரண்டாவது வருடமும் அப்படியே போய்விடும் போலிருந்தது.

அவர் கிளம்பும்போது என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. மகளுக்காவது அப்பாவின் முகம் ஞாபகம் இருந்தது. மகனுக்கு அப்பா என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் வரும் ஒரு குரல். ரிசீவரைக் காதில் வைத்தால் "பை" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். மகள் பதில் சொல்வாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன், படிச்சியா என்றால் படிச்சேன். அதற்குமேல் இரண்டு பக்கமும் சரக்கு இருக்காது. பிறகு நான் வாங்கி, கரண்ட் பில், கீசர் ரிப்பேர் என்று பேசுவேன். அந்தப் பேச்சு எனக்கே வெறுத்துப்போயிருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். அந்தத் தீவு அவர் இருக்கும் ஊரிலிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அங்கே விசா கேட்பதில்லை. அவர் அந்தப் பக்கமிருந்து வருவார், நாங்கள் இந்தப் பக்கமிருந்து போவோம், ஒரு வாரம் ஒன்றாக இருப்போம்.

"உன்னால ரெண்டையும் கூட்டிட்டு அவ்வளவு தூரம் வர முடியுமா?" என்று கேட்டார்.

"நீங்க அங்க வந்து நில்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

எங்கள் இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு புரியும், வாயில் வருவது தெலுங்கு. தீவுச் சேதியைச் சொன்னதும் மகள் ஸ்கூல் அட்லஸை எடுத்துவந்து தேடினாள். கடலில் எள் சிந்தினாற்போல் நிறைய புள்ளிகள். அதில் எது என்று அவளே கண்டுபிடித்து பென்சிலால் வட்டம் போட்டாள். அடுத்த ஞாயிறு போன் வந்தபோது முதல்முறையாக அவளே ஓடிப்போய் எடுத்தாள். அங்கே யானை உண்டா, ஐஸ்கிரீம் உண்டா, கடலுக்குக் கதவு உண்டா என்று கேட்டாள். மகன் பக்கத்தில் நின்று ரிசீவருக்காக அவளைக் கிள்ளினான். சுறா கடிக்குமா என்பது அவன் கேள்வி. அப்பா என்ன சொன்னாரோ, அன்று முழுக்க என் காலைக் கடித்துக்கொண்டு திரிந்தான்.

அதன் பிறகு ஞாயிறுகள் மாறிப்போயின. தீவில் நாங்கள் தங்குவதற்கான இடங்களின் படங்களை அவர் மெயிலில் அனுப்புவார். வாரத்துக்கு ஒன்று. அதை நான் ஆபீசில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவேன். பிரிட்ஜ் கதவு முழுக்க நீலக் கடல். மகன் தயிர்சாதம் தவிர எதையும் தொட மாட்டான் என்பதால் சமையலறை உள்ள இடம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துவைத்தேன். புளிக்காய்ச்சலை எத்தனை நாள் முன்னால் கிளற வேண்டும், விமானத்தில் காது வலித்தால் என்ன செய்வது, இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கிவிட்டால் எதைத் தூக்குவது, பையில் எத்தனை ஜட்டி, எல்லாம் என் அட்டையில் ஏறின. சனிக்கிழமைகளில் மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போனேன். மகன் குளியலறை வாளியில் முகத்தை முக்கி மூச்சடக்கிப் பழகினான். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களைப் போன்ற அரசுத்துறை ஆட்கள் சொந்த வேலையாக வெளிநாடு போவதென்றாலும் ஆபீசில் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் போடுவது என்று என் அட்டையில் எழுதியிருந்தேன். நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பத்தை நிரப்பி பெர்சனல் பிரிவில் கொடுத்தேன். அங்கிருந்த சூப்பரின்டெண்ட் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, போகும் நாடு என்ற கட்டத்தைப் பார்த்தார். நான் தீவின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன்.

"டைரெக்ட் ஃப்ளைட் உந்தா மேடம்?" என்றார்.

"லேது, மாறிப் போகணும்" என்று பாதித் தெலுங்கில் சொன்னேன்.

"மத்யலோ எக்கட திகுத்தாரு? அதி கூடா ராயாலி."

நடுவில் எங்கே இறங்குவீர்கள், அதையும் எழுத வேண்டும் என்கிறார். சாதாரணமாகத்தான் கேட்டார். பேனாவையும் நீட்டினார். வாங்கிக்கொண்டு நின்றேன். என் அட்டையில் விமானம் ஏறுவது இருந்தது, தீவில் இறங்குவது இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. எந்த விமானம், எந்த வழி என்பதை மட்டும் தான் பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார், நானும் விட்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிராவல் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அந்தத் தீவுக்கு இங்கிருந்து போகும் விமானங்கள் ஒன்று அமெரிக்கா வழியாகப் போகும், இல்லையென்றால் லண்டன் வழியாகப் போகும் என்றார். அமெரிக்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதற்கும் அந்த நாட்டு விசா வேண்டும். லண்டனில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றுக்குப் போய் ஏற வேண்டும், அதற்கும் விசா. வேறு நாடு மறுத்ததுண்டா என்று அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். மூன்று பேருக்கு எழுதிப்போட்டு, பதில் வந்து, டிசம்பரில் கிளம்புவது நடக்காத காரியம் என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்து வந்த ஞாயிறு, பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே நானே அவருக்குப் போன் செய்தேன். வழியில் இறங்க விசா வேண்டுமாம் என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. அதிர்ந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். நான்தான் ஏமாந்தவள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆகஸ்ட்ல தெரியும்."

நீச்சல் வகுப்பு சேர்த்தது செப்டம்பரில். ரைஸ் குக்கர் வாங்கியது அக்டோபரில். சமையலறை உள்ள இடம் கிடைத்துவிட்டது என்று அவர் படம் அனுப்பியது போன வாரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மூன்று மாதமாக என்னைப் பைத்தியக்காரியாக்கி வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே என்றேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்.

"பிள்ளைக அதைப் பத்தி மட்டுந்தான் எங்கூட பேசுதுவ."

அவரே மேலும் சொன்னார்.

"ஒரு மாசம் இருக்கட்டும். பொறவு நானே சொல்லுதேன். ஒரு மாசம்."

முடியாது என்றேன். நடக்காத வேலைக்கு அட்டை ஓட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது, பிள்ளைகளிடம் பொய் சொல்லவும் முடியாது என்றேன். அப்போது அது நேர்மை என்றே நினைத்தேன். அதில் பாதி, அவருக்கு வலிக்கட்டும் என்ற ஆங்காரம். இப்போது தெரிகிறது. அவர் கேட்டது ஒரு மாதம். அதைக் கொடுத்திருக்கலாம்.

அன்றே பிள்ளைகளிடம் சொன்னேன். மகள் ஏன் என்று ஒரு தடவை கேட்டாள், விசா என்றேன். அந்த வார்த்தை அவளுக்கு ஏற்கெனவே பழக்கம். போய் பிரிட்ஜிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினாள். அழுதால் தேவலை என்றிருந்தது, அவள் அழவில்லை. மகனுக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை. வாளித் தண்ணீரில் விளையாடப் போய்விட்டான்.

அதற்கடுத்த ஞாயிறு வழக்கம்போல் ஏழு மணிக்குப் போன் அடித்தது. மகள் பல் தேய்க்கிறேன் என்று உள்ளேயே இருந்துகொண்டாள். நான் மகனைக் கூப்பிட்டு ரிசீவரை அவன் கையில் கொடுத்தேன். அவன் ஓடவில்லை. சமர்த்தாகக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அப்பா என்னவோ கேட்டார், இவன் தலையாட்டினான். மறுபடி கேட்டார். அவன் யோசித்தான், நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்து, தெலுங்கில், உரக்கக் கேட்டான்.

"அம்மா, இங்க்க ஏம் மாட்லாடாலி?"

இனிமேல் என்ன பேசணும் என்கிறான். அந்தப் பக்கம் அவருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். இருபது வருடம் ஹைதராபாத்தில் இருந்தவருக்குத் தெலுங்கு புரியாமல் இருக்காது.