சுற்றுவழியில் வந்த பனையேறி

ஏரித் தண்ணீர் மதகுப் பள்ளத்துக்குச் சுருங்கிவிடும் சித்திரை மாதத்தில், எங்கள் ஊரில் பனையேறிக் கெண்டை பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரியப்பாவின் மகன்கள் இருவரும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் நடுத்தண்ணீரில் தூண்டிலைப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் அல்லி இலைகளின் ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு குந்தியிருப்பேன். பனையேறி மூச்சு வாங்க அடிக்கடி மேலே வரும் மீன். இலைகளுக்கு நடுவே 'மொளுக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் மண்புழுவை இறக்கினால் போதும். யாரும் சொல்லித்தந்ததில்லை, கேட்டுக் கேட்டு நானே தெரிந்துகொண்டேன்.

பிடித்ததையெல்லாம் கரையிலேயே சுட்டுத் தின்றுவிடுவோம். நான்காம் வகுப்பு முடிந்த அந்த லீவில்தான், அம்மாவிடம் காட்டுவதற்காக இரண்டு சாதாக் கெண்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போனேன். வழியிலேயே செத்துவிட்டன.

"செத்த மீன எவன் வேணா குடுப்பான். பசங்க புட்ச்சத வாங்கினு வந்து என்னாண்ட கத வுடுறியா?" என்றாள் அம்மா. மறுநாள் காலையில் தீர்ப்பும் வந்தது. "இன்னைக்கு ஒண்ணு, நீயே புட்ச்சி, உசுரோட கொண்டா. இல்லன்னா இனிமே ஏரிப் பக்கம் தல வெச்சிப் படுக்கக்கூடாது. வூட்லயே தம்பியப் பாத்துகினு கெட."

அன்று அப்பாவும் மாடு கழுவ ஏரிக்கு வந்திருந்தார். உச்சிவெயில் நேரத்தில் என் தூண்டிலில் ஒரு பனையேறி மாட்டியது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அப்பா கூழ் கொண்டுவந்த தூக்கைக் கழுவி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மீனைப் போட்டார். மாடுகளைப் பெரியப்பா மகன்களிடம் விட்டுவிட்டுத் தூக்கோடு கிளம்பினார்.

வரப்பில் நடந்தால் வீடு பக்கம். அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"நைனா, வூடு அந்தாண்ட கீது."

"வரப்புல முள்ளு கெடக்குது."

தினமும் அதே வரப்பில் செருப்பில்லாமல் நடக்கிற மனிதர் சொன்னார் இதை.

ரேஷன் கடை வாசலில் தூக்கைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்த, கூழா?"

"மீனு."

"யாரு புட்ச்சது?"

அப்பா மோவாயை மட்டும் என் பக்கம் காட்டினார். பிறகு பால் டிப்போ. அங்கேயும் தூக்கு கீழே, அங்கேயும் மோவாய். பனையேறி மற்ற மீன்களைவிடக் கொஞ்சம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "செத்துடும் நைனா" என்று அழாத குறையாக அவர் வேட்டியை இழுத்தேன்.

டீக்கடையில் கடலோரத்துச் சதுரங்கப்பட்டினத்து மீன்காரர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். தூக்குக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு மீனா? சேத்துல பொரள்றது. எம் பொட்டியப் பாரு, வஞ்சரம்!"

"உம் மீனு ஐஸுல தூங்கினு கீது" என்றார் அப்பா. "எம் பொண்ணு மீனு நடக்கும். பாக்குறியா?"

சொல்லிவிட்டுத் தூக்கைக் கவிழ்த்தார்.

புழுதியில் விழுந்த மீன் ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு செவுளை விரித்துத் தரையில் ஊன்றி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று உந்தி உந்திச் சாக்கடையை நோக்கிப் போனது.

"ஐயே, நடக்குதுபா!" டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது.

நான் பாய்ந்து இரண்டு கையாலும் அமுக்கினேன். செவுள் முள் உள்ளங்கையைக் கிழித்தது. "இன்னா நைனா நீ! செத்துட்டா நாளைக்கு என்னை யாரு வுடுவாங்க?" என்று கத்தினேன். அப்பா எல்லார் எதிரிலும் வாய்விட்டுச் சிரித்தார்.

மீன்காரர் என் கையைப் பார்த்தார். "ரத்தம் வந்தும் வுடல பாரு. பாப்பா, நீ ஏரிக்கு இல்ல, கடலுக்கு வா" என்றார்.

வீட்டில் அண்டாத் தண்ணீரில் விட்டதும் மீன் துள்ளி அம்மா முகத்தில் தண்ணீர் அடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரி, போய்த் தொல. தம்பிய நான் பாத்துக்கறேன்" என்றாள். என் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். லீவு முடியும்வரை ஏரி என்னுடையது. ஆனாலும் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. ஒரு பீடிக்கும் வெட்டிப் பேச்சுக்கும் என் மீனைப் பணயம் வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். எட்டு வருடம் கழித்து, செங்கல்பட்டில் எனக்குக் கல்லூரி தொடங்கிய முதல் நாள், என் பையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் தள்ளிக்கொண்டு போனார். பஸ் நிறுத்தம் வரப்பைத் தாண்டினால் வந்துவிடும். அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். ரேஷன் கடை வாசலில் நின்றார்.

"பை சரியுது" என்றார். இரண்டு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பை அது.

"எங்க அண்ணாத்த, காலங்காத்தால?"

"காலேஜிக்கி."

"நீயா?"

மோவாய் என் பக்கம் திரும்பியது.

'நைனா, பஸ் போயிடும்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். டீக்கடை இன்னும் பாக்கி இருந்தது.