அரிசிப் பானையில் பச்சை ஆப்பிள்

எங்கள் மரக்காணத்தில் யாரும் ஆசைப்பட்டு ஆப்பிள் வாங்கித் தின்று நான் பார்த்ததில்லை. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வாங்குவோம். நாலு ஆப்பிள், ஒரு பாக்கெட் பிரெட், கொஞ்சம் சாத்துக்குடி. அதைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டால்தான் பார்க்கப் போனதாகக் கணக்கு.

அந்த வருஷம் உப்பளத்தில் வேலை முடியப்போகிற சமயம். என் வீட்டுக்காரர் உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ராடு வைத்து, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் வரத் தொடங்கியது. அளத்துக்காரர்கள் வந்தார்கள், என் அண்ணன் வந்தான், எங்களோடு மூன்று வருஷமாகப் பேசாத சித்தப்பா கூட ஒரு கிலோவோடு வந்தார். ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று மெழுகு பூசியது ஒரு ரகம். கோடு கோடாகச் சிவந்த சிம்லா ஒரு ரகம். இவருக்கோ ஆப்பிள் என்றாலே ஆகாது.

"நோயாளி பழம் அது. அத்த தின்னுக்கினே இருந்தா நான் எப்ப எழுந்திருக்கிறது?" என்பார்.

ஆனால் எழுந்திருக்கத்தான் மாட்டேன் என்றார். டாக்டர் தினமும் வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லியிருந்தார். முதல் நாளே வாசலில் நாலு பேர் பார்க்கத் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். அதோடு சரி. வாக்கரில் துண்டும் சட்டையும் காய்ந்தன. நான் கத்தினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல் கூட இருந்து பார்த்தேன். பேசாமல் இருப்பது எனக்குத்தான் தண்டனையாக முடிந்தது.

நான் அப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுவேன், காய் நறுக்குவேன். அங்கே ஓவன் பார்த்துக்கொண்டிருந்தவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். விடுதியை நடத்துகிற மேடம் பிரான்சுக்காரர். இருபது வருஷமாக இங்கேயே இருப்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை ஒரு ஆப்பிள் டார்ட் போடு. ஆப்பிள நீயே பாத்து வாங்கிட்டு வா. நல்லா வந்தா ஓவன் உனக்கு. இல்லன்னா நான் பாண்டியிலேர்ந்து ஆள் கூட்டிட்டு வரணும்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு என்னென்ன தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். டார்ட் என்றால் அடியில் மாவு, மேலே அடுக்கிச் சுட்ட ஆப்பிள், அவ்வளவுதான். மாவு பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அது வந்துவிடும். ஆனால் பழைய ஆள் ஆப்பிளை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். சீவி நறுக்கிய துண்டுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சீவிவிட்டால் எல்லா ஆப்பிளும் ஒரே வெள்ளை. மழைக்காலம் வந்தால் அளம் மூடிவிடும். மூடாவிட்டாலும் இவரால் இனி கூடை தூக்க முடியுமா என்று தெரியாது. அந்த ஓவன் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். ஆப்பிளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு, பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஆப்பிளெல்லாம் குவிந்து கிடக்கிற வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது. நன்றாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் ஓவன் இல்லை. குக்கர் இருந்தது. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பிச் சூடேற்றினால் கேக் வேகும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு வராது. சின்னத் தட்டில் மாவை அழுத்தி, மேலே ஆப்பிளை அடுக்கி, உப்பின் மேல் வைத்து மூடினேன்.

முதலில் ஸ்டிக்கர் ஆப்பிள். விலையும் கூட, நிறமும் கூட, அதனால் அதுதான் நல்லதென்று நினைத்தேன். திறந்து பார்த்தால் தட்டு முழுக்கத் தண்ணீர். மாவு நனைந்து தொளதொளத்துக் கிடந்தது. வாயில் போட்டால் சர்க்கரையைத் தவிர ஒரு ருசியும் இல்லை.

"பேஷன்ட் கஞ்சியா?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

வியாழக்கிழமை சிம்லா. வேகும்போதே வாசனை தெரு வரைக்கும் போனது. ஆனால் ஒரு துண்டு கூடத் துண்டாக இல்லை, எல்லாம் குழைந்து களியாகிவிட்டது. இவர் விரலால் வழித்துத் தின்றார். "ருசி இருக்குது. உருவந்தான் இல்ல" என்றார். ஆப்பிளைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மீதிக் களியை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அலமாரியில் வேறு ரகம் இல்லை. அப்போதுதான் அரிசிப் பானை நினைவுக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, அளத்தில் இவரோடு உப்பு வாருகிற அக்கா ஒருவர் வந்திருந்தார். இரண்டே இரண்டு பச்சை ஆப்பிளைக் கையில் கொடுத்து, கூச்சத்தோடு, "செவப்பு தீந்துடுச்சின்னுட்டான். காயாத்தான் இருக்குது. அரிசில போட்டு வையி, பழுத்துடும்" என்றார். மாங்காயைப் பழுக்க வைக்கிற மாதிரி நானும் அரிசிக்குள் புதைத்துவிட்டேன். காயை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று மனதுக்குள் ஒரு இளக்காரம் வேறு. தினம் அரிசி அளக்கும்போது தோண்டிப் பார்ப்பேன். சிவக்கவே இல்லை.

எடுத்து நறுக்கினேன். கத்தி இறங்கும்போதே நறுக்கென்றது. புளிப்பில் பல் கூசியது. இதை யார் தின்பார்கள் என்று தோன்றியது, ஆனாலும் மெல்லிசாகச் சீவினேன். கிண்ணத்தில் இருந்த சிம்லாக் களியை அடியில் பூசி, பச்சையை மேலே வட்டமாக அடுக்கிக் குக்கரை மூடினேன். திறந்தபோது வைத்த துண்டு வைத்தபடியே இருந்தது. ஓரம் லேசாகச் சிவந்து, புளிப்பு பாதியாக அடங்கி, அடியில் இருந்த இனிப்போடு சேர்ந்துகொண்டது. இவர் முக்கால் தட்டைக் காலி செய்தார். பிறகுதான், "இது இன்னா ஆப்பிளு?" என்று கேட்டார். அந்த அக்காவை மனதுக்குள் இளக்காரமாக நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

சிம்லா வீட்டில் இன்னும் ஆறு இருந்தது. பச்சைதான் வேண்டும். விடுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டம். ஞாயிறு சீக்கிரம் கிளம்பி பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் வாங்கிவிடுவேன் என்று இவரிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் விடுதியில் என்னை விட்டபாடில்லை. கிளம்பி, செம்மண் ரோட்டில் ஓட்டமும் நடையுமாக வந்து பஸ் ஏறினால், கீழ்புத்துப்பட்டு தாண்டி பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது. மரக்காணத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்து, பழக்கடைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். காலையில் நான் ஏறுகிற பஸ்ஸுக்கு முன்னால் எந்தக் கடையும் திறக்காது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஆப்பிளையே கொண்டுபோக வேண்டியதுதான், ஓவன் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தபடி குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தேன்.

கட்டில் காலியாக இருந்தது. கொல்லையிலும் இல்லை. துண்டும் சட்டையும் கட்டில் மேல் கிடந்தன, வாக்கரைக் காணோம். பதறிப்போய் வாசலுக்கு ஓடிவந்தேன். தெருக் கோடியில் டக், டக் என்று ஒரு உருவம் வந்துகொண்டிருந்தது. வாக்கர் கம்பியில் ஒரு மஞ்சள் பை ஆடியது. முகமெல்லாம் வேர்வை.

"எங்கய்யா போன? சொல்லிட்டுப் போவக் கூடாது?"

"நீ வர்றதுக்குள்ள கடைய கட்டிடுவான்னு தோணுச்சு. அதான்."

பையில் எட்டுப் பச்சை ஆப்பிள். வாசல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்றை எடுத்துக் காட்டினார். "கையில வச்சா கனமா இருக்கணும். லேசா இருக்கிறது பழசு, உள்ள மாவாயிருக்கும். காம்பு பக்கத்துல அமுக்குனா அமுங்கக் கூடாது. ஒரு கூடையையே பொறுக்கிட்டேன். கடைக்காரன் திட்டுறான்."

காலமெல்லாம் கூடையின் கனம் பார்த்த கை அது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையில் இருந்த ஆப்பிளை என் மடியில் வைத்தார்.

திங்கட்கிழமை டார்ட் போட்டேன். நிஜ ஓவன் குக்கரை விடச் சுலபமாக இருந்தது. மேடம் ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே சாப்பிட்டார். இன்னொரு துண்டு வெட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

"ஆப்பிள யார் எடுத்தது?"

நீயே பார்த்து வாங்கு என்று சொல்லியிருந்தார். நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "ரகம் நான் கண்டுபுடிச்சது மேடம். கடையில பொறுக்குனது எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "ஓவன் உன்னோடது. அடுத்த வாரம் கூட்டம் ஜாஸ்தி. பச்சை பத்து கிலோ வேணும். அவரையே பொறுக்கச் சொல்லு."

வெளியே வந்து போன் போட்டேன். ஓவன் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். மேடம் பத்து கிலோ கேட்டதையும் சொன்னேன். கட்டிலில்தான் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு டக், டக் என்று வாக்கர் சத்தம் கேட்டது.

"பத்து கிலோ இங்க கெடைக்காது," என்றார். "பாண்டி மார்க்கெட்டுக்குத்தான் போவணும். மொத பஸ் எத்தினி மணிக்கு?"