ஈரத்தில் திறக்காத பூட்டு

தென் சீனாவின் ஷியாவ்லான் ஊரில் பூட்டு செய்யாத தெரு கிடையாது. அந்த ஊரில் பதினான்கு வருடம் குப்பை கொட்டிய வென் ஷூஜுவான், கடைசி ஆறு வருடம் ஒரே கம்பெனியில் சோதனை அறைக்குப் பொறுப்பாக இருந்தாள். காரத்துக்குப் பேர்போன ஹுனான் மாகாணத்துக்காரி. கேன்டீனில் வெறுமனே அவித்த கீரையை வைத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பையிலிருந்து ஊறவைத்த மிளகாய்ப் புட்டியை வெளியே எடுப்பாள். வாயும் அந்த மிளகாய் மாதிரிதான் என்று லைனில் இருக்கும் பெண்கள் சொல்வார்கள். ஆனால் அவள் பார்த்து அனுப்பிய பூட்டு திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

சாவி போட்டுத் திறக்கும் பூட்டு செய்தவரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஒரு கோடையில் கம்பெனி, விரல் வைத்தால் திறக்கும் பூட்டு செய்யப்போவதாக முடிவெடுத்தது. நவம்பர் பதினொன்றாம் தேதி இணையத் திருவிழா விற்பனை. அதற்கு முன் சரக்கு கிடங்கில் இருந்தாக வேண்டும். தேதி முதலில் முடிவானது, பூட்டு அதற்கு அப்புறம்தான்.

முதலில் கையாலேயே இருபது மாதிரிகள் செய்தார்கள். ஷூஜுவான் அவற்றை ஈரப் பெட்டிக்குள், வெந்நீர்ப் புகை போன்ற வெக்கையில், மூன்று நாள் வைத்தாள். இருபதும் திறந்தன. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

பிறகு லைன் ஓடத் தொடங்கியது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் மேல் ஈரம் புகாத பூச்சு அடித்தால் காய இரண்டு மணி நேரம் ஆகும். லைன் அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்று, அக்டோபர் சரக்குக்கு மட்டும் பூச்சு வேண்டாம் என்றார் ஒருவர். விரல் ரேகை பார்க்கும் சில்லு கிடைக்கவில்லை. அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது என்று வேறொருவர் வாங்கிப் போட்டார். மூடி சரியாக உட்காரவில்லை என்று மூன்றாவது ஆள் உள்ளே வைக்கும் ரப்பரை மெல்லிசாக்கினார். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து இருந்தது. மூன்றும் ஒரே பூட்டுக்குள்தான் போய்ச் சேர்கின்றன என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஷூஜுவான் லைனிலிருந்து முப்பது பூட்டை எடுத்து ஈரப் பெட்டியில் வைத்தாள். நாற்பது மணி நேரத்தில் பதினொன்று செத்துவிட்டன. நேரே மேலாளர் பெங்கின் அறைக்குப் போனாள்.

"பெங் சார், முப்பதுல பதினொண்ணு போச்சு. இதை அனுப்பக் கூடாது."

"எத்தனை மணி நேரம் வெச்சே?"

"நாப்பது."

"எட்டு வெச்சுப் பாரு. எட்டுல எதாவது போகுதா?"

"எட்டுல போகாது சார். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்ப இனிமே எட்டுன்னு மாத்திக்க. மிச்சம் மீதி இருந்தா அப்புறம் அப்டேட்ல சரிபண்ணிக்கலாம்."

"ஈரத்தை எந்த அப்டேட்ல சார் துடைப்பீங்க?"

பெங் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. புத்தாண்டு வசந்த விழாவுக்கு எல்லோருக்கும் ஆரஞ்சுப் பெட்டி கொடுப்பவர். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரக்கை அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அதே தாள், பேக்கிங் மேற்பார்வையாளர் கையெழுத்தோடு போய்விட்டது.

அதே வாரத்தில் அவள் இன்னொரு வேலையும் செய்தாள். பூட்டைப் பற்றிப் படம் எடுத்து இணையத்தில் போடுபவர்களுக்கும், நேரலையில் விற்கும் பெண்ணுக்கும் அனுப்ப ஐந்து பூட்டு. நல்ல போர்டாகப் பொறுக்கி, தானே இரண்டு முறை பூச்சு அடித்து, விளக்கடியில் காயவைத்து, தடித்த ரப்பர் போட்டு, தன் கையாலேயே முடுக்கினாள். வருடக்கணக்காகச் செய்கிற வேலை. அன்றைக்கு அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. பின்னாளில் பெங் மேல் வந்த கோபத்தைவிட இதை நினைத்துத் தன்மேல் வந்த கோபம்தான் அவளை அதிகம் தின்றது.

திருவிழா அன்று பத்தொன்பதாயிரம் பூட்டு விற்றது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள்.

மார்ச்சில் தெற்குக் காற்று திரும்பியது. சுவரெல்லாம் வியர்த்தது. துவைத்த துணி நான்கு நாளானாலும் காயவில்லை. தரை, இப்போதுதான் துடைத்தது போலக் கிடந்தது. பூட்டுகள் சாகத் தொடங்கின. முதல் வாரம் பத்துப் பதினைந்து பெட்டி வந்தது. அப்புறம் லாரியில் வந்தது. ஷூஜுவான் ஒன்றைத் திறந்து பார்த்தாள். போர்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துடைத்து, காயவைத்து, முகப்புத் தகட்டை மாற்றி, மறுபடி புதுப் பெட்டியில் போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது.

அந்த நாட்களில்தான் லியாவ் யிங் வந்தாள். ஃபோஷானிலிருந்து பஸ் ஏறி வந்தவள். காய்கறிப் பையில், பாதி அறுத்த பூட்டு ஒன்று. அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததால் காவலாளி அவளைச் சோதனை அறைக்கு அழைத்து வந்துவிட்டான்.

குப்பை போட வெளியே வந்தாளாம். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு வயது மகள் தூங்குகிறாள், அடுப்பில் சூப் கொதிக்கிறது. விரல் வைத்தாள், எண்ணை அழுத்தினாள், எதிர்வீட்டில் பேட்டரி வாங்கி, பூட்டின் வெளிப்புறம் தொட்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். பூட்டு அசையவில்லை. அவசரச் சாவி வீட்டுக்குள் மேசை இழுப்பறையில். தீயணைப்புக்காரர்கள் வந்து அறுத்துத் திறக்க நாற்பது நிமிடம். புகையைக் குடித்த குழந்தை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. புகார் சொல்லப் போனால், உங்கள் விரல் ஈரமாக இருந்ததா என்று கேட்டார்களாம்.

"உங்க விரல்ல ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஷூஜுவான். "உள்ள பூச்சு அடிக்கல. ஈரத்துல போயிடும்னு அக்டோபர்லயே எங்களுக்குத் தெரியும்."

லியாவ் யிங் கத்தவில்லை. "தெரிஞ்சேவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஷூஜுவான் பேருந்து நிறுத்தம் வரை அவளோடு நடந்து போய், தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

இரண்டு நாளில் புது மாடலுக்கு நேரலை விற்பனை. உள்ளே அதே போர்டு, வெளியே பொன்னிறத் தகடு. வழக்கம்போல ஐந்து பூட்டு பொறுக்கிக் கொடு என்றார் பெங். ஷூஜுவான் கிடங்குக்குப் போனாள். விற்பனைக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த அடுக்கின் மேலிருந்து ஐந்து பெட்டியை எடுத்தாள். கிடங்குக்காரரைச் சாட்சி வைத்துக்கொண்டு பெட்டி எண்களை எழுதினாள். ஒட்டுநாடாவைக்கூடப் பிரிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

நேரலையில் பேசுகிற பெண்ணின் பெயர் ஷியாவ் தாவ். மழையிலும் திறக்கும் என்று சொல்லிக்கொண்டே பூட்டின் மேல் தண்ணீர் தெளித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெளித்தாள். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவதும் திறந்தது. மூன்றாவது மூன்று முறை கீச்சிட்டு ஊமையாகிவிட்டது. பூட்டு வெட்கப்படுகிறது என்று சிரித்துச் சமாளித்து நான்காவதை எடுத்தாள். அது கீச்சிடக்கூட இல்லை. திரையின் ஓரத்தில் ஒருவர் எழுதினார், எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று. அடுத்து இன்னொருவர். பிறகு எழுத்து நிற்காமல் ஓடியது. அறையிலேயே ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பெங் ஓடி வந்து விளக்கை அணைக்கச் சொன்னார்.

"எந்தப் பூட்டைக் கொடுத்தே?" என்றார் பெங். முகம் வெளுத்திருந்தது.

"நாம விக்கிற பூட்டை."

"நேரலைக்குன்னா பொறுக்கித்தானே கொடுப்போம்? ஆறு வருஷமா நீதானே கொடுத்தே?"

"ஆமா, நான்தான் கொடுத்தேன். என் கையால முடுக்கின அஞ்சைக் காட்டித்தான் பத்தொன்பதாயிரத்தை வித்தீங்க. ஒரு குழந்தை புகைக்குள்ள கிடந்துது சார். அவங்க அம்மாகிட்ட விரல் ஈரமான்னு கேட்டிருக்கீங்க. நானா இருந்தா அந்தப் பூட்டாலயே உங்க மண்டையில போட்டிருப்பேன். அந்தம்மா நல்லவங்க, பையிலேயே வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"கம்பெனி சோறு தின்னுட்டுத் துரோகம் பண்றியா?"

"சோறு பூட்டு செஞ்சதுக்குப் போட்டீங்க. பொய் செஞ்சதுக்கு இல்ல."

அன்று மாலையே அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாற்பது மணி நேரச் சோதனையை அவள் தன் சொந்த நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கம்பெனித் தாளில் எட்டு மணி நேரம் மட்டும்தான் இருந்தது. அந்த நோட்டோடு லியாவ் யிங்கையும் கூட்டிக்கொண்டு புகார் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தாள். ஐந்தாவது முறை புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்து அக்டோபர் சரக்கில் ஒன்பதாயிரத்தைக் கம்பெனி திரும்ப எடுத்தது. மீதி யார் யார் கதவிலோ இன்றும் இருக்கிறது. கம்பெனி வேறு பெயர் வைத்துக்கொண்டது. பெங் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஷியாவ்லானில் எந்தப் பூட்டுக்காரனும் அவளை உள்ளே விடவில்லை. பெயரைச் சொன்னாலே, ஓ, அந்த அக்காவா என்று கதவைச் சாத்தினார்கள். பக்கத்து நகரமான ஜியாங்மெனில் மின்விசிறி செய்யும் இடத்தில் சேர்ந்தாள். லியாவ் யிங்கிடமிருந்து தொலைபேசி எண் கைமாறிக் கைமாறி, முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளை அழைப்பார்கள். சாப்பாட்டு நேரமானாலும் எடுப்பாள். பெட்டியில் இருக்கும் எண்ணைக் கேட்பாள். அக்டோபர் சரக்கென்றால் இன்றைக்கே கழற்றிவிடச் சொல்வாள். அதுவரை சாவியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், எதிர்வீட்டில் கொடுத்து வையுங்கள் என்பாள்.

ஒருநாள் ஒரு வயதான ஆண் குரல். அவர் எண்ணைப் படித்துக் காட்டிவிட்டு, தணிவாகச் சொன்னார்:

"சலுகை விலைக்குக் கெடச்சுதுன்னு வாங்கிட்டேம்மா. என் தப்புதான்."

ஷூஜுவான் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைத் தட்டில் அறைந்து வைத்தாள். பக்கத்து மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தப்பு? கதவு திறக்கணும்னு பூட்டு வாங்கினீங்க. அதுல உங்க தப்பு எங்க இருக்கு? இன்னொரு தடவை அப்படிச் சொல்லாதீங்க ஐயா, எனக்கு ஆத்திரம் வருது. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? எடுத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."