கியருக்கும் சாவிக்கும் நடுவே ஒரு கேபிள்

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். கல்யாணமான புதிதில் இவருக்குக் காது கேட்குமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் புளியங்குடிக்காரி, எலுமிச்சை மண்டியின் ஏலச் சத்தத்தில் வளர்ந்தவள். என் வாய் சும்மா இருக்காது.

சங்கரன்கோவிலில் அவர் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டிய பழைய அம்பாசடர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கியர் கம்பு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டி. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. எங்கள் தெருவோ சரிவு. அதனால் முதல் கியரில் போட்டுத்தான் வண்டியை நிறுத்துவார். காலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அப்புறம் சாவியைத் திருகுவார்.

தினமும் முன் கண்ணாடியைத் துடைத்து, பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. ஒரு நாள் நான் குனிந்து நம்பர் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏறி உட்கார்ந்தவர், கியர் விழுந்திருப்பதை மறந்து சாவியைத் திருகிவிட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, என் முழங்காலில் இடித்து, அப்படியே நின்றுவிட்டது. நான் பொத்தென்று தரையில் உட்கார்ந்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை.

"கண்ண எங்கன வச்சிருக்கிய?" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல், நான் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மேற்கொண்டு திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து அவர் வண்டியைத் தொடவில்லை. ஊரே திரளும் ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களையெல்லாம் "வண்டி ரிப்பேரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி தலைநிமிராமல் சொன்னார்.

"வண்டிய வித்துருவோம். வெள்ளிக்கிழம புரோக்கர் வாராரு."

"வித்துட்டு?"

"மில்லுல வாட்ச்மேன் வேல இருக்காம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. வாட்ச்மேன் வேலை கேவலம் என்றில்லை. இந்த மனுஷர் வண்டி ஓட்டும்போது மட்டும் வாய்க்குள் முனகிப் பாடுவார். என்ன பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போகையில் பின்சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அப்போதுதான் இவர் மேல் எனக்கு ஆசையே வந்தது. வண்டி போனால் அந்த முனகலும் போய்விடும்.

"மறக்குத கைக்கு எதுக்கு வண்டி?" என்றார்.

"மறந்தாலும் ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஒண்ணு செய்யிங்களேன்." கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுப் போய் பானட்டைத் திறந்தார்.

சாயங்காலமே சைக்கிள் கடையில் ஒரு பிரேக் கேபிள் வாங்கிக்கொண்டு வந்தார். அதன் ஒரு முனையை, கியர் கம்பு அசைந்தால் பானட்டுக்குள் அசைகிற இரும்புக் கையில் கட்டினார். இன்னொரு முனையைச் சாவித் துளைக்குப் பக்கத்தில் தாமே வெட்டி மாட்டிய ஒரு தகட்டு நாக்கில் கட்டினார். முதல் கியர் விழுந்தால் கேபிள் அந்த நாக்கை இழுத்துச் சாவிக்குக் குறுக்கே நிறுத்தும், சாவி திரும்பாது. நியூட்ரலுக்கு வந்தால் ஸ்பிரிங் நாக்கை விலக்கிவிடும். சொல்ல சுலபமாக இருக்கிறது. கேபிள் கொஞ்சம் தொய்ந்தால் நாக்கு வந்து சேராது, கொஞ்சம் இறுகினால் நியூட்ரலிலும் விலகாது.

அதைச் சரிபண்ண ஒரு ஆள் போதாது. அவர் பானட்டுக்குள் தலையை விட்டு நட்டைத் திருக, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கியரைப் போட்டு எடுத்தேன்.

"நாக்கு எங்கன நிக்கு?"

"பாதியில நிக்கு."

"இப்ப?"

"இப்ப ரொம்ப ஏறிட்டு. கொஞ்சம் விடுங்க."

ஒரு மாசத்தில் என்னிடம் பேசுவதை அந்த இரண்டு மூன்று நாளில் பேசித் தீர்த்தார். எனக்கோ, நட்டு சீக்கிரம் சரியாகிவிடக் கூடாதே என்றுகூட இருந்தது.

வியாழக்கிழமை நாக்கு சரியாக வந்து நின்றது, சரியாக விலகியது. ஆனாலும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "வெறும் கம்பிதான? நாளைக்குத் தொய்ஞ்சா என்ன செய்ய?" என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் புரோக்கர் வந்துவிடுவார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இறங்கிப் போய், அன்றைக்கு இடிபட்ட அதே இடத்தில் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"ஏறி உக்காருங்க. கியரப் போட்டுட்டு சாவியத் திருகுங்க."

"ஏட்டி, தள்ளு."

"தள்ள மாட்டேன்."

எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் பானட்டுக்குள் குனிந்து என்னவோ செய்தார். பானட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் கியரைப் போட்டார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. சாவியைத் திருகினார். டக்கென்று நாக்கில் இடித்து நின்றது. அழுத்தித் திருகினார். அசையவில்லை.

"இப்ப நியூட்ரலுக்குக் கொண்டாந்து திருகுங்க" என்றேன்.

சாவி முழுக்கத் திரும்பியது. இன்ஜினிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் வீணாய்ப் போச்சே என்று பானட்டில் ஓங்கித் தட்டினேன். அவர் மெதுவாக இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பானட்டைத் திறந்தார். பேட்டரி ஒயர் கழன்று கிடந்தது.

"நீங்கதான கழத்துனிய?"

"ம்."

"கேபிள் மேல நம்பிக்க இல்லையா?"

"கேபிள் மேல நம்பிக்கதான்" என்றார். "ஆனா முன்னால நிக்கது நீயாச்சே."

ஒயரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மாட்டி முடுக்கினார். நான் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றேன். இந்தத் தடவை அவர் தள்ளச் சொல்லவில்லை. கியரில் சாவி திரும்பவில்லை. நியூட்ரலில் வண்டி கிளம்பியது.

"ஏறு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. வண்டி புளியங்குடி ரோட்டில் திரும்பி, கடைசி வீட்டைத் தாண்டியதும், முன்சீட்டிலிருந்து அந்த முனகல் கேட்டது. பின்சீட்டில் இருந்த எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பாட்டு நின்றுவிடுமோ என்று எங்கள் ஊர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.