மேலே வந்தாச்சு

சோலார் பம்பு பொருத்தும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஆபீஸ் செஞ்சியில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் கிணற்றில் இறங்கினாலும் போன் விடாது. "இன்னாண்ணா, முடிஞ்சிதா?" என்று ஆபீஸிலிருந்து சுமதி கேட்டுக்கொண்டே இருப்பாள். எந்த சைட்டில் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் மாற்றுவது அவள் பொறுப்பு. நான் எரிந்து விழுவேன். அவள்தான் ஒரு வழி செய்தாள். சைட்டிலிருந்து மோட்டார் போட்டோ போனால் போதும். ஸ்டேட்டஸ் தானாகவே 'முடிந்தது' என்று மாறி, நிலத்துக்காரருக்கும் மெசேஜ் போய்விடும். போன் தொல்லை ஒழிந்தது. அந்தப் பெண்ணை மனதார வாழ்த்தினேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத்தான் யாரும் யோசிக்கவில்லை. மோட்டாரைக் கிணற்றில் இறக்குமுன் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, குடும்பமே சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்.

அவலூர்பேட்டை பக்கம் பச்சையம்மா நிலத்திலும் அப்படித்தான். என் கூட்டாளி ஏழுமலை அந்தப் பூஜை போட்டோவை ஆசையாக ஆபீஸுக்குத் தட்டிவிட்டு, குழாயை இறுக்கும் கிளாம்ப் வாங்க வண்டியில் கிளம்பிவிட்டார். நான் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிணற்றில் இறங்கினேன். வெறுங்கையால் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தபோது மேலே பச்சையம்மாவின் குரல்.

"அண்ணே! வேலை முடிஞ்சிட்ச்சி, மோட்டார் போடலாம்னு போன்ல வந்திருக்குது. நீ இன்னும் உள்ளதான இருக்குற?"

"சுவிட்சத் தொடாதம்மா!"

"கைய வச்சிக்கினுதான் நிக்கிறேன். உன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டு போடலாம்னு..."

மேலே வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற? மோர் குடி" என்றாள்.

விஷயம் கேட்ட சுமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இந்த ஆட்டோமேஷனே வேணாண்ணா, எடுத்துடறேன்."

"எடுக்காத. திரும்ப நீ போன் போட்டு உயிர வாங்குவ. கடைசி ஒண்ண மட்டும் எங்கிட்ட வுட்டுடு."

இப்போது போட்டோ வந்தால் 'இறக்கத் தயார்' வரைக்கும்தான் தானாக மாறும். அடுத்து 'மேலே வந்தாச்சு' என்று சுமதி ஒரு ஸ்டேட்டஸ் சேர்த்திருக்கிறாள். இறங்கினவரே ஏறி வந்து அழுத்தினால்தான் மெசேஜ் போகும். மற்றதெல்லாம் தானாக நடக்கட்டும், நல்லதுதான். யார் உயிர் உள்ளே இருக்கிறதோ, கடைசிப் பொத்தான் அவர் கையில் இருக்க வேண்டும்.

போன வாரம் பச்சையம்மாவின் இன்னொரு கிணற்றில் வேலை. ஏறி வந்து பொத்தானை அழுத்தினேன். அவள் போன் மணியடித்தது. மெசேஜைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை என்னையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டாள்.